செருப்புல ஒரு சதுரம்

ஏனுங் தம்பி, ஏறுனதுல இருந்து என்ற வலது கால் செருப்பையே பாத்துட்டு வர்றீங்க. கேக்கறதுன்னா கேட்டுப்போடுங்க, வெக்கம் என்னத்துக்கு. குதிகால் பக்கம் சதுரமா ஒரு துண்டு இல்ல, அதானுங்களே? எலி கடிச்சதுன்னு நெனச்சிருப்பீங்க. எலி இத்தனை நேராவா கடிக்கும்? நானே அறுத்ததுங்க. ஸ்கேல் வெச்சு, பிளேடு போட்டு.

சொல்றனுங். நீங்க பொள்ளாச்சி வரைக்கும் போறீங்க, நான் கிணத்துக்கடவுல எறங்கிக்குவேன். எப்பவும் இந்த டிரைவர் கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள கொண்டு போய்த் தள்ளிப்போடுவான். முன்னால ஒரு பஸ்ஸு போனா அவனுக்குப் பொறுக்காது. போன வாரம் இதே சீட்டுல நான் உக்காந்திருக்கேன், ஒரு வளைவுல என்ற தேங்கா மூட்டை உருண்டு போய்க் கண்டக்டர் குணா கால் மேல ஏறிருச்சு. இன்னைக்குப் பரவால்லீங், நிதானமாத்தான் போறான். நமக்கும் பேச நேரம் கெடைக்கும்.

என்ற பேரு சென்னியப்பன். மோட்டார் சென்னியப்பன்னு கேட்டீங்கன்னா எங்க பக்கம் சின்னப் புள்ளையும் வழி காட்டும். கெணத்து மோட்டார், போர்வெல் மோட்டார் ரிப்பேர்தான் சோலி. படிப்பு நாலாவது. அதுலயும் மூணாவதை ரெண்டு தடவை படிச்சேன். ஆனா காது இருக்குதுங்களே, அது வேற. திருப்புளி முனையை மோட்டார் மேல வெச்சு, பிடியைக் காதுல வெச்சேன்னா, உள்ள எந்த பேரிங் அழுகுது, எது அழுகற மாதிரி நடிக்குதுன்னு சொல்லிப்போடுவேன்.

எங்கூரு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஏழு வருசம் முன்னால ஒரு டாக்டரம்மா வந்தாங்க. தமயந்தின்னு பேரு. நாப்பது வயசு தாண்டியிருக்கும். வீட்டுக்காரர் காலேஜு வாத்தியார், வாயே தொறக்க மாட்டாரு. ஒரு நாள் என்ற எருமைக்குக் கன்னு குறுக்க மாட்டிக்கிச்சு. போன் போட்டேன். ஊருக்குள்ள சத்தம் கேக்குது, வண்டியைக் காணோம். அத்தனை தாழ்வா இருந்துச்சுங்க அது. வேலி மறைச்சுருச்சு. செவப்புக் கலரு, ரெண்டே சீட்டு, கூரை துணி. தரைக்கும் வண்டிக்கும் ஒரு சாண் எடவெளி. ஜப்பான்ல செஞ்சதாமா. ஊட்டியில ஒரு எஸ்டேட்காரர் ஷெட்டுல எலி குடியிருந்த வண்டியை இவங்க வாங்கியிருக்காங்க.

தோள் வரைக்கும் கையை உட்டு கன்னை வெளிய எடுத்தாங்க. கையைக் கழுவிட்டு வண்டியைக் கெளப்புனாங்க. நான் குறுக்க போய் நின்னுட்டேன்.

"ஏனுங்கண்ணா, எருமைக்கு வேற ஏதாச்சுமா?"

"எருமை நல்லா இருக்குதுங்க. உங்க வண்டிதான் மூணாவது சிலிண்டர்ல தும்முது. கேக்கலீங்களா?"

அவங்க எஞ்சினை நிறுத்திட்டு என்னையப் பாத்தாங்க. "நாலு எடத்துல காட்டிட்டனுங்கண்ணா. கம்ப்யூட்டர் மாட்டியெல்லாம் பாத்தாங்க. ஒண்ணுமில்லைங்கறாங்க."

"கம்ப்யூட்டருக்கு ஏதுங் காது?"

தொறந்து பாத்தா பிளக்குக்குப் போற வயரை உள்பக்கமா எலி கொறிச்சு வெச்சிருக்குது. பத்து நிமிசத்துல சரி பண்ணிட்டேன். அன்னையில இருந்து என்ற எருமைக்கு அவங்க டாக்டர், அவங்க வண்டிக்கு நான் டாக்டர்.

அப்புறந்தான் தெரிஞ்சுது, அந்த வண்டியை ஆஸ்பத்திரிக்குப் போய்வர வாங்கலைன்னு. ஒரு ரேஸ் ட்ராக் இருக்குதுங்களே, அங்க மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை ட்ராக் டேன்னு வெப்பாங்க. ரேஸ் இல்லீங், நல்லாக் கேட்டுக்கங்க. ரேஸுன்னா ஒருத்தரை ஒருத்தர் முந்தணும். இது அவங்கவங்க வண்டியைக் கொண்டுபோய் அவங்கவங்க ஓட்டறது. கடிகாரத்தோட மட்டும் மல்லுக்கட்டு. வக்கீல், பல் டாக்டர், மில் மொதலாளின்னு வருவாங்க. வாரம் பூரா மாடு குறுக்க, ஆட்டோ குறுக்க, வேகத்தடை குறுக்கன்னு அடக்கி வெச்சதையெல்லாம் அங்க போய் அவுத்து உடுவாங்க.

அங்க ஆபீஸ் செவுத்துல ஒரு பச்சைப் பலகை. ஒரு சுத்தை ஒரு நிமிசம் இருவத்தஞ்சு விநாடிக்குள்ள முடிச்சா அதுல வெள்ளைப் பெயிண்டுல பேரு எழுதுவாங்க. நான் பாக்கறப்ப முப்பத்தொம்பது பேரு இருந்துச்சு. எனக்கு இங்கிலீசு தெரியாதுங், டாக்டரம்மாதான் படிச்சுக் காட்டுனாங்க. "முப்பத்தொம்பதும் ஆம்பளைங்கண்ணா. நாப்பதாவதா என்ற பேரு இருக்கணும்." அவ்வளவுதான் அவங்க ஆசை. வேற ஒண்ணும் வேணாம்.

இருங்க, குணா என்னமோ கத்தறான். என்னடா கண்ணு? இழுக்கலையா? டீசல்ல தண்ணி இருக்கும். டிரைவர்கிட்டச் சொல்லி நாளைக்கு பில்டரைப் பாக்கச் சொல்லு. இப்பத்திப் பசங்களுக்கு எதுக்கெடுத்தாலும் அவசரமுங்க.

எங்க உட்டேன்? ஆங், ட்ராக்கு.

மொதத் தடவை போறப்ப நானும் போனேன். வண்டியைத் தயார் பண்றதே ஒரு கல்யாண வேலைங்க. ஸ்டெப்னியை எறக்கணும், ஜாக்கியை எறக்கணும், கால்மிதியை உருவணும். சக்கர நட்டை ஒவ்வொண்ணா அளவு பாத்து முறுக்கணும். பிரேக் ஆயிலு புதுசா ஊத்தணும், பழசுன்னா அந்தச் சூட்டுல கொதிச்சுப் போகும். முன்லைட்டுல டேப்பு ஒட்டணும், ஒடைஞ்சா கண்ணாடி செதறாம இருக்க. டயர்ல காத்து, குளுந்திருக்கறப்ப ஒரு அளவு, ஓட்டிட்டு வந்தப்புறம் ஒரு அளவு. அத்தனையும் நான் செஞ்சேன். உள்ள உடறதுக்கு முன்னால நடராஜ சார்னு ஒருத்தர் ஒவ்வொரு வண்டியா சோதிப்பாரு. கண்டிப்பான மனுசன். "வண்டிக்குள்ள ஒரு பொருள் தனியா கெடக்கக் கூடாது. ஒரு பேனா உருண்டு பிரேக்குக்கு அடியில போனாக்கூட உசுரு போயிரும்" அப்படீம்பாரு. நான் ஒட்டி வெச்சிருந்த சின்னப் புள்ளையாரைக் கூட பிடுங்கி என்ற கையில குடுத்துட்டாரு. புள்ளையாரை வெச்சுட்டு நான் சுத்துக்கு வெளிய உக்காந்தேன். ரெண்டு பேரும் பாத்தோம்.

அஞ்சாவது சுத்துல டாக்டரம்மா வண்டி ஒரு வளைவுல அப்படியே ராட்டினமாட்டம் ரெண்டு சுத்து சுத்தி, மண்ணுல போய் நின்னுச்சுங்க. புழுதி அடங்கறதுக்குள்ள நான் புள்ளையாரைத் தூக்கிட்டு எந்திரிச்சுட்டேன். அவங்க என்னமோ சிரிச்சுட்டு எறங்கறாங்க. "சூப்பரா இருந்துச்சுங்கண்ணா. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் சீக்கிரமா மிதிச்சுட்டேன்."

சூப்பராமா.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து ரோசனை பண்ணுனேன். பதினாலு கிராமத்துக்கு ஒரே டாக்டர். அதுவும் இல்லாம என்ற எருமை மறுபடியும் சினை. ஐப்பசியில ஈனணும். இவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருங்க கையை உள்ள உடுவாங்க? வாத்தியார் உடுவாரா? நான் சுயநலத்துல செய்யலீங், மாட்டோட நலத்துல செஞ்சேன்.

பழைய வண்டிங்களா, ஆக்ஸிலேட்டருக்குக் கம்பி வயருதான். பெடலுக்குப் பின்னால ஒரு துண்டு ஒட்டுனா, கால் எத்தனை அழுத்துனாலும் முக்காவாசிக்கு மேல போகாது. கட்டை வெச்சா லொட்டு லொட்டுனு சத்தம் வரும். அவங்க காதும் சாதாரணக் காது இல்ல, பசு வயித்துல கை வெச்சே கன்னு கணக்கு சொல்றவங்க. சத்தம் வராத பொருளா வேணும். சுத்திலும் பாத்தேன். கால்ல நீல ரப்பர் செருப்பு.

ஒரு இஞ்சுக்கு ஒரு இஞ்சு. செருப்புப் பசை போட்டு ஒட்டுனேன். கறுப்பு மையும் பூசிட்டேன். தெரியவே தெரியாது. நடராஜ சாரு மாசா மாசம் டார்ச் அடிச்சுப் பாத்தும் கண்டுபிடிக்கலை. அவரு தனியா கெடக்கறதைத்தான தேடுனாரு? இது ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

ஆடி மாசம் ஒட்டுனேன். அதுல இருந்து டாக்டரம்மா ஒண்ணு இருவத்தெட்டு, ஒண்ணு இருவத்தெட்டரை. அங்கயே நின்னுச்சு.

"நேர் ரோட்டுல இழுக்கவே மாட்டேங்குதுங்கண்ணா. மத்தவங்க எல்லாம் என்னையத் தாண்டிப் போயிட்டே இருக்காங்க."

"பெட்ரோல்ல தண்ணி இருக்குமுங்."

பெட்ரோலை மாத்துனாங்க. அடுத்த மாசம் பிளக்கை மாத்துனோம். அதுக்கடுத்து ஏர் பில்டரு. அப்புறம் டயரு. டயர் மாத்துனப்ப எனக்கே கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துச்சு, ஆனா புது டயருன்னா பாதுகாப்புத்தானுங்களே, அதனால வேணாம்னு சொல்லலை. எல்லாம் மாத்தி முடிச்சப்புறம் ஒரு நாள் கேட்டாங்க, "இனி என்னத்தைத்தானுங்கண்ணா மாத்தறது?"

"ஓட்டறவங்க கொஞ்சம் எளைச்சா வண்டி இழுக்குமுங்" அப்படின்னுட்டேன்.

வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். அவங்க அதை மெய்யா எடுத்துக்குவாங்கன்னு நான் கண்டனா? அன்னையில இருந்து ராத்திரிச் சோறு கெடையாது, கோதுமைக் கஞ்சி. வாத்தியாருக்கும் அதே கஞ்சி. அந்த மனுசன் ஒரு நாள் கடைவீதியில என்னையப் பாத்து வாயைத் தொறந்தாரு. அத்தனை வருசத்துல என்கிட்ட அவரு பேசுனது அது ஒண்ணுதான். "சென்னியப்பன், வண்டி எப்ப சரியாகும்?"

அங்க சக்திவடிவேல்னு ஒரு மில் மொதலாளி வருவாரு. மஞ்சள் கலருல வண்டி. பலகையில பேரு இருக்கறவரு, அதனால வாய்க்குப் பூட்டு கெடையாது. ஒரு ஞாயித்துக்கெழமை எல்லாரும் டீ குடிச்சுட்டு நிக்கறப்ப, "என்னங்க டாக்டர், உங்க வண்டிக்கு வயித்தால போகுதா? தவுட்டுல கலந்து மாத்திரை குடுங்களேன்" அப்படின்னாரு. நாலு பேரு சிரிச்சாங்க.

டாக்டரம்மா டம்ளரைக் கீழ வெச்சுட்டு, "குடுக்கலாமுங்க. நான் வாயில்லாத சீவனைத்தான் பாக்கறது. உங்களுக்கு வாய் சாஸ்தியா இருக்குது. நல்லாத் தொறங்க, பல்லைப் பாத்து வயசு சொல்றேன்" அப்படின்னாங்க.

அவரு தலைக்கு மை பூசறவருங்க. மனுசன் அன்னைக்கு மத்தியானச் சோத்தைக்கூட வாயை மூடிட்டுத் தின்னாரு.

ஆனா வீட்டுக்குத் திரும்பறப்ப மாட்டு வண்டியாட்டம் மெல்ல ஓட்டிட்டு வந்தாங்க. எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. பிச்சுப் போட்டுறலாமான்னு ஒரு நிமிசம் நெனச்சேன். எருமை வேற அப்பத்தான் ஈன்றிருந்துச்சு, நல்ல கெடாரிக் கன்னு. அப்புறம் கெடாரிக்கும் டாக்டர் வேணுமேன்னு தோணுச்சு. உட்டுட்டேன்.

ஒண்ணு மட்டும் என்ற காதுக்கு வந்துச்சுங்க. மொத ரெண்டு மாசம் வளைவுக்கு வர்றப்ப பிரேக்கைத் தடால்னு மிதிப்பாங்க, டயரு கத்தும். தை மாசத்துக்குள்ள அந்தக் கத்தல் நின்னு போச்சு. டயரு மெல்ல ராகம் இழுக்கற மாதிரி ஒரு சத்தம். கண்ணை மூடி உக்காந்திருந்தாலும் இது டாக்டரம்மா வண்டின்னு சொல்லிப்போடுவேன். நடராஜ சாரு என்ற பக்கத்துல நின்னு பாத்துட்டு, "இந்தம்மாவுக்கு நேர் ரோட்டுல வேகமே இல்ல, ஆனா வளைவுல இத்தனை பேர்ல ஒருத்தன் கூட இப்படிப் போகலையே" அப்படின்னாரு. ஏன்னு அவருக்குத் தெரியலை. எனக்குத் தெரிஞ்சுது. நேர்ல வேகம் வராதுன்னா, மனுசன் இருக்கற வேகத்தை எங்கயும் உட மாட்டான். பிரேக்கை எத்தனை கொறைச்சு மிதிக்கலாம், எத்தனை லேசாத் திருப்பலாம்னு ரோசனை அங்க போயிரும். கெணத்துல தண்ணி கொறைஞ்சா பாத்தி கட்டறதுல புத்தி வர்றாப்புல.

என்னங்க தம்பி சிரிக்கறீங்க? பின்னால வந்த பஸ்ஸு நம்மளைத் தாண்டிருச்சா? போகட்டும் போகட்டும். டிரைவர் மூஞ்சியைப் பாருங்க, அழுதுருவான் போல.

மாசி கடைசியில டாக்டரம்மாவுக்கு மாத்தல் ஆர்டர் வந்துச்சு. ராமநாதபுரம். சித்திரை ஒண்ணாந்தேதி அங்க போய்ச் சேரணும். பங்குனியில ஒரே ஒரு ட்ராக் டே பாக்கி. நேரா என்ற வீட்டுக்கு வந்தாங்க. உக்காரக்கூட இல்ல.

"அண்ணா, இது கடைசி. அங்க இருந்து வண்டியை ஏத்திட்டு இங்க வர்றதெல்லாம் நடக்காது. இந்தத் தடவை பலகையில பேரு வரலைன்னா எப்பவும் வராது. உங்களுக்குத் தெரிஞ்ச வித்தை அத்தனையும் செஞ்சுப்போடுங்க."

செஞ்சுப்போடறனுங்கன்னு சொன்னேன். ராத்திரி பூரா தூக்கமில்ல. காலையில போய் பெடலுக்கு அடியில கையை உட்டேன். துண்டைப் புடிச்சேன். அப்ப அந்த ராட்டினச் சுத்து ஞாபகம் வந்துச்சு. கையை எடுத்துட்டேன். பேரு பெருசா, ஆளு பெருசா? நீங்களே சொல்லுங்க. பிரேக் ஆயிலை மட்டும் புதுசா ஊத்திட்டு வந்துட்டேன்.

பங்குனி வெயிலுங்க. ட்ராக்குல தார் ஒழுகுது. அந்த வண்டியில கால் வெக்கற எடத்துக்குப் பக்கத்துலயே சைலன்சர் போகுது. உள்ள அடுப்புல கால் வெச்ச மாதிரி இருக்கும். செருப்புப் பசை எத்தனை சூடு தாங்கும்னு நான் பசை டப்பாவுல படிச்சனா என்ன, அதுவும் இங்கிலீசு.

ஆறாவது சுத்து. நான் செவுத்துக்கு இந்தப் பக்கம் கண்ணை மூடிக் கேட்டுட்டு உக்காந்திருக்கேன். கடைசி வளைவு வந்துச்சு, டயரு ராகம் இழுத்துச்சு, வண்டி நேர் ரோட்டுக்குத் திரும்புச்சு. எஞ்சின் சத்தம் ஏறுது. எப்பவும் ஒரு எடத்துல வந்து நிக்குமுங்க, அது என்ற துண்டு பெடலைப் புடிக்கற எடம். அன்னைக்கு நிக்கலை. மேல போகுது. இன்னும் மேல போகுது. எட்டு மாசமா நான் கேக்காத ஒரு சத்தம் அந்த எஞ்சின் தொண்டையில இருந்து வருது.

துண்டு விழுந்துருச்சு.

எனக்கு எது மொதல்ல ஞாபகம் வந்துச்சு தெரியுங்களா? நடராஜ சாரு சொன்ன பேனா. விழுந்த துண்டு எங்க போகும்? பக்கத்துப் பெடலுக்கு. பக்கத்துப் பெடல் எது? பிரேக்கு.

வெள்ளைக் கோட்டைத் தாண்டக் கூடாதுன்னு ஒரு சட்டம். நான் தாண்டி ஓடறேன். "செருப்பு, செருப்பு"ன்னு கத்தறேன். வேற வார்த்தையே வரலை. நடராஜ சாரு பின்னால வந்து இடுப்பைக் கட்டிப் புடிச்சுட்டாரு. "செருப்பு போச்சுங்க சார், செருப்பு போச்சு"ங்கறேன். அவரு குனிஞ்சு பாத்துட்டு, "யோவ், ரெண்டும் உங்கால்லதான இருக்குது" அப்படீங்கறாரு.

நேர் ரோட்டு முடியற எடத்துல, வளைவுக்கு இன்னும் எத்தனை மீட்டர்னு நூறு, அம்பதுன்னு போர்டு இருக்கும். மத்தவங்க நூறு போர்டுல பிரேக் மிதிப்பாங்க. டாக்டரம்மா எப்பவும் அம்பதுல மிதிப்பாங்க, கொறைஞ்ச வேகத்துல வர்றதுனால அது போதும். அன்னைக்கு அந்த வேகத்துல நூறு போச்சு. அம்பதும் போச்சு. பிரேக் சத்தம் இல்ல. ஒரு விநாடி. எனக்கு அறுவத்தாறு வயசு ஆகுதுங்க. அந்த ஒரு விநாடியைத் தனியா எண்ணுனா அறுவத்தேழு.

அப்புறம் கீச்சுனு ஒரு சத்தம். புழுதி. வண்டி பின்னால ஒரு ஆட்டு ஆடுச்சு. ஆடி, நிமிந்து, வளைவுக்குள்ள போயிருச்சு. அப்புறம் அந்த ராகம், அடுத்த வளைவு, அதே ராகம். எட்டு மாசம் கத்துக்கிட்ட வளைவு அத்தனையும், கூடவே நேர் ரோட்டுல முழு எஞ்சினும். நான் தரையில உக்காந்துட்டேன்.

மைக்குல சொன்னாங்க. ஒண்ணு இருவத்திமூணு.

எல்லாரும் கை தட்டறாங்க. சக்திவடிவேலும் தட்டுனாரு, நான் பாத்தேன். வண்டி வந்து நின்னுச்சு. டாக்டரம்மா எறங்கலை. ஹெல்மெட்டைக் கழட்டிட்டு, குனிஞ்சு கீழ இருந்து என்னமோ எடுத்தாங்க. "அண்ணா, இங்க வாங்க" அப்படின்னாங்க. குரல் ரொம்ப மெல்ல வந்துச்சு. மாட்டுக்கு ஊசி போடறதுக்கு முன்னால பேசற குரலு.

போனேன். உள்ளங்கையில துண்டு. ஒரு பக்கம் நான் பூசுன கறுப்பு. இன்னொரு பக்கம் நீலம்.

"செருப்பைக் கழட்டுங்க."

"எதுக்குங்..."

"வலது கால்."

கழட்டிக் குடுத்தேன். கதவு மறைவுல, வேற யாருக்கும் தெரியாம, அந்தத் துண்டை என்ற செருப்பு ஓட்டையில வெச்சு அழுத்துனாங்க. ஈறுல பல்லு உக்கார்ற மாதிரி உக்காந்துச்சுங்க. அத்தனை சுத்தமா அறுத்திருக்கேன்.

"எப்ப இருந்து?"

"ஆடியில இருந்துங்."

"பிரேக்கை மிதிக்கப் போனா அடியில மெத்துனு இருந்துச்சு. குதிகால்ல எத்தித் தள்ளிட்டு மிதிச்சேன்." "எட்டு மாசம். பிளக்கை மாத்துனேன். டயரை மாத்துனேன். கோதுமைக் கஞ்சி குடிச்சேன். என்ற வீட்டுக்காரருக்கும் குடுத்தேன்."

"உடம்புக்கு நல்லதுங்களே."

நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாதுங்க. இப்பத் தெரியுது.

இடது பக்கக் கதவைத் தொறந்து உட்டாங்க. "ஏறுங்க." நடராஜ சாருகிட்ட என்ன சொன்னாங்களோ, ஒரு ஹெல்மெட்டைக் கொண்டுவந்து என்ற தலையில மாட்டி, பெல்ட்டு போட்டு இறுக்கிட்டாரு. மூணு சுத்து. முழு ஆக்ஸிலேட்டரு.

மொதச் சுத்துல நான் கண்ணையே தொறக்கலை. ரெண்டாவது சுத்துல என்ற வலது கால் இல்லாத பிரேக்கை மிதிச்சு மிதிச்சு மரத்துப் போச்சு. என்னமோ கத்துனேனாம், என்ன கத்துனேன்னு அவங்க இன்னைக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்கறாங்க. மூணாவது சுத்துலதாங்க காது தொறந்துச்சு. அந்த எஞ்சின் அப்படிப் பாடுது. பொறந்ததுல இருந்து பாடறதுக்குன்னே காத்துட்டு இருந்த மாதிரி. எட்டு மாசமா நாந்தான் அதோட வாயைப் பொத்தி வெச்சிருந்தேன்னு அப்ப நெனச்சேன். கொஞ்சம் கண்ணு கலங்கிருச்சு. ஹெல்மெட்டுக்குள்ள யாருக்குத் தெரியும்.

எறங்குனதும் டாக்டரம்மா சொன்னாங்க, "அண்ணா, உங்க துண்டு இல்லாம நான் வளைவு ஓட்டக் கத்துக்கிட்டிருக்க மாட்டேன். அதே துண்டுல இன்னைக்குப் போய்ச் சேந்திருப்பேன். உங்களுக்கு மாலை போடறதா, போலீஸ்ல சொல்றதான்னு எனக்குத் தெரியலை."

மாலை போடலைங்க. போலீசுலயும் சொல்லலை. துண்டைக் குடுங்கன்னேன், குடுக்கலை. சாவியில கோத்துட்டாங்க. ராமநாதபுரத்துல ஆடு மாட்டுக்கெல்லாம் ஊசி போட்டுட்டு, அந்தச் சாவியைத்தான் ஆட்டிட்டு நடக்கறாங்களாமா. அதனாலதானுங் இந்த ஓட்டை. வேற செருப்பு வாங்கலாம், ஆனா இது எனக்குச் சர்ட்டிபிகேட்டு மாதிரி.

பலகையில நாப்பதாவது பேரு எழுதியாச்சு. நான் போய் வெரலால தடவிப் பாத்தேன். ஆனா ஒரு வருத்தமுங்க. பேருக்கு அடியில சின்னதா, "வளைவு சொல்லிக் குடுத்தது சென்னியப்பன்"னு ஒரு வரி போட்டிருக்கலாம். எடம் இருக்குது. நடந்தது அத்தனையும் நடராஜ சாருகிட்டச் சொல்லிக் கேட்டேன். இப்பெல்லாம் என்னைய வெள்ளைக் கோட்டுகிட்ட மட்டுமில்ல, வாசல் கேட்டுகிட்டயே உடறதில்ல. நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணுனேன்? சொல்லுங்க. ஒரே ஒரு தப்பு. பசையை நம்புனது.

கிணத்துக்கடவு வந்துருச்சுங்களா. குணா, நிறுத்து கண்ணு. பாத்தீங்களா, உக்கடத்துல இருந்து வர ஒரு மணி நேரம் அஞ்சு நிமிசம் ஆயிருக்குது, என்ற தேங்கா மூட்டை வெச்ச எடத்துல வெச்ச மாதிரி இருக்குது. ஒரு வளைவுலயும் உருளலை. இதைக் கொஞ்சம் இந்தப் பக்கமா நகத்திக் குடுங்க தம்பி.

என்னங்க, இப்ப இடது காலைப் பாக்கறீங்க. மூட்டைக்குப் பின்னால இருந்ததுல தெரியலை போல. ஆமாங்க, அதுலயும் சதுரந்தான். அதே அளவு. உக்கடம் ஸ்டாண்டுல பஸ்ஸை எடுக்கறதுக்கு முன்னால டிரைவரு டீ குடிக்கப் போனானுங்களே, அந்த நேரத்துல.

அட, பயப்படாம உக்காருங்க. பொள்ளாச்சிக்குப் பத்திரமாப் போய்ச் சேருவீங்க. இந்தத் தடவை பசை போடலீங்க. கட்டுக்கம்பி.